அபே ரோட்டைக் கடந்த நாலு பேர்: செத்தது யார்?

லண்டன் நகரின் வடமேற்கே செயின்ட் ஜான்ஸ் வுட் என்று ஒரு பேட்டை. வசதியானவர்கள் குடியிருக்கும் இடம். அங்கே ஒரு ரோடு. பெயர், அபே ரோடு. ரோட்டின் குறுக்கே கறுப்பு வெள்ளைப் பட்டை. ஜனங்கள் கடந்து போவதற்காகப் போட்ட சாதாரண ஜீப்ரா கிராசிங்.

ஆகஸ்டு 8-ந் தேதி வந்தால் அந்த இடத்தில் கூட்டம் கூடிவிடும். பல நாட்டுக்காரர்கள் வருவார்கள். தலை நரைத்தவர்களும் வருவார்கள். அரும்பு மீசைப் பையன்களும் வருவார்கள். காலை 11-35 மணி ஆனதும் நாலு நாலு பேராக வரிசை கட்டி ரோட்டைக் கடப்பார்கள். மூன்றாவது ஆள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பார்!

பஸ் நிற்கும். கார் நிற்கும். டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். "யோவ், சீக்கிரம் போய்த் தொலையுங்க" என்கிற மாதிரி கையைக் காட்டுவார்கள். ரசிகர்கள் அதற்கெல்லாம் அசைகிறவர்கள் அல்ல. போட்டோ பிடித்த பிறகுதான் நகர்வார்கள்.

அதற்குப் பிறகு பிளாட்பாரத்தில் நின்று விவாதம் தொடங்கும். எதைப் பற்றி? 1969-ல் வெளிவந்த ஒரு இசைத்தட்டைப் பற்றி! அதன் பெயரும் "அபே ரோடு"தான். பாடியது உலகப் புகழ் பீட்டில்ஸ் கோஷ்டி.

50 வருஷத்துக்கு மேலாகியும் அந்த விவாதம் தீரவில்லை. காரணம், அதில் ஒரு மர்மம் இருக்கிறது. ஒரு சாவு இருக்கிறது. செத்தது யார் என்பதில்தான் பல பேர் ஏமாந்து போனார்கள்.

10 நிமிஷத்தில் முடிந்த வேலை

முதலில் போட்டோ கதை.

1969 ஆகஸ்டு 8-ந் தேதி. நல்ல வெயில். பீட்டில்ஸ் கோஷ்டியின் நாலு பேரும் ஸ்டூடியோ வாசலுக்கு வந்தார்கள். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்.

இசைத்தட்டுக்கு முதலில் யோசித்த பெயர் "எவரெஸ்ட்". ரிக்கார்டிங் என்ஜினீயர் ஜெஃப் எமெரிக் பிடித்த சிகரெட்டின் பெயர் அது! இமயமலை வரை போய் அட்டைக்குப் படம் எடுக்கலாமா என்று கூடப் பேச்சு வந்தது. "அவ்வளவு தூரம் யார் போவது? வாசல் ரோட்டிலேயே எடுத்துவிடலாம்" என்று முடிந்தது. ரோட்டின் பெயரையே தட்டுக்கும் வைத்துவிட்டார்கள்.

இயான் மக்மில்லன் என்ற போட்டோகிராபர் நடு ரோட்டில் ஏணி போட்டு ஏறினார். ஒரு போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்தினார். நாலு பேரும் இப்படியும் அப்படியும் நடந்தார்கள். மொத்தம் 6 படம். சுமார் 10 நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. 5-வது படம் அட்டைக்குத் தேறியது.

அட்டையின் முன்பக்கத்தில் கோஷ்டியின் பெயர் கிடையாது. தட்டின் பெயரும் கிடையாது. நாலு பேர், ரோடு, மரம். அவ்வளவுதான். செப்டம்பர் 26-ந் தேதி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது.

கிளம்பியது புரளி

தட்டு கடைக்கு வரும் நேரத்திலேயே அமெரிக்காவில் ஒரு புரளி கிளம்பியது. "பால் மெக்கார்ட்னி செத்துவிட்டார்! 1966-லேயே கார் விபத்தில் போய்விட்டார்! இப்போது இருப்பவர் அவரைப் போல இருக்கும் வேறு ஆள்!"

செப்டம்பரில் அயோவா மாநிலத்தில் கல்லூரி மாணவர் பத்திரிகை ஒன்று இதை எழுதியது. அக்டோபர் 12-ந் தேதி டெட்ராய்ட் நகரில் ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்கு ஒருவர் போன் செய்து அதையே சொன்னார். இரண்டு நாள் கழித்து மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் பெரிய கட்டுரை வந்தது. அதை எழுதிய மாணவர் பல துப்புகளைத் தாமே கற்பனை செய்து சேர்த்திருந்தார்! பிறகு கேட்பானேன்? தீ மாதிரி பரவியது.

ரசிகர்கள் சி.ஐ.டி. ஆகிவிட்டார்கள். அட்டைப் படத்தை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்.

"முன்னால் வெள்ளை உடுப்பில் லெனன் - அவர் பாதிரியார். கறுப்பு உடுப்பில் ரிங்கோ - அவர் சவ அடக்கம் செய்பவர். வெறுங்காலோடு பால் - அவர்தான் பிணம். முரட்டுத் துணியில் ஹாரிசன் - குழி தோண்டுகிறவர். இது சவ ஊர்வலம்!"

"பால் இடது கைக்காரர். படத்தில் சிகரெட் வலது கையில் இருக்கிறதே, எப்படி?"

"மற்ற மூன்று பேருக்கும் இடது கால் முன்னால். பாலுக்கு மட்டும் வலது கால் முன்னால்!"

இப்படி அடுக்கிக்கொண்டே போனார்கள்.

கார் நம்பர்

உச்சக்கட்டம் கார் நம்பர்தான். படத்தின் இடது பக்கம் ஒரு வெள்ளை வோக்ஸ்வாகன் கார் நிற்கிறது. நம்பரின் கடைசிப் பகுதி 281 எஃப். "அது நம்பர் இல்லை. 1 என்பதை ஐ என்று படியுங்கள். பால் உயிரோடு இருந்தால் 28 வயது என்று அர்த்தம்" என்று அடித்துச் சொன்னார்கள்.

கணக்கு இடிக்கிறது! பால் பிறந்தது 1942 ஜூன் 18. தட்டு வந்தபோது வயது 27.

வெறுங்கால் விவகாரமும் சப்பென்று போனது. அன்று வெயில். பால் செருப்பு போட்டுக்கொண்டுதான் வந்தார். முதல் இரண்டு படத்தில் காலில் செருப்பு இருக்கிறது! பிறகு கழற்றிவிட்டார். அந்தக் கார், ஸ்டூடியோவுக்கு எதிரே குடியிருந்த ஒருவருடையது. பாவம், அதன் நம்பர் பலகையை ரசிகர்கள் திரும்பத் திரும்பத் திருடிப் போனார்கள். 1986-ல் கார் ஏலம் போனது. பிறகு ஜெர்மனியில் மோட்டார் கார் மியூசியத்தில் போய் நின்றது.

"நான் சாகவில்லை" என்று பாலே பேட்டி கொடுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் "லைஃப்" பத்திரிகை 1969 நவம்பரில் பாலையும் குடும்பத்தையும் அட்டையில் போட்டது.

1993-ல் பால் அந்தப் புரளியையே கிண்டல் செய்தார். அதே கோட்டில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து, "பால் உயிரோடிருக்கிறார்" என்ற அர்த்தம் வரும்படி ஒரு தட்டு வெளியிட்டார். 2018-ல், 76 வயதில், மறுபடியும் அந்தக் கோட்டைக் கடந்து காட்டினார்!

ஆக, பால் சாகவில்லை. அப்படியானால் செத்தது யார்?

உண்மையான சாவு

செத்தது கோஷ்டி!

துப்பறிந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். உள்ளே இருந்த தட்டைச் சரியாகக் கேட்டிருந்தால் விஷயம் விளங்கியிருக்கும் என்கிறார்கள் பழைய ரசிகர்கள்.

1969 ஜனவரியிலேயே நாலு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. சினிமா கேமரா முன்னாலேயே சண்டை வந்தது. ஹாரிசன் கோபித்துக்கொண்டு போய்விட்டு, சில நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

அதற்கு மேல் பணத் தகராறு. மானேஜர் பிரையன் எப்ஸ்டீன் 1967-ல் இறந்துவிட்டார். வரவு செலவை யார் பார்ப்பது? லெனன், ஹாரிசன், ரிங்கோ மூவரும் அமெரிக்காவிலிருந்து வந்த ஆலன் கிளெய்ன் பக்கம். பால் மட்டும் "முடியாது" என்றார். தன் மாமனார் குடும்பத்து வக்கீல்கள்தான் பார்க்க வேண்டும் என்றார். மே மாதம் மூவரும் கிளெய்னுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பால் போடவில்லை.

யார் சொன்னது சரி? அந்த மூன்று பேருமே 1973-ல் கிளெய்னோடு கோர்ட்டில் மோதினார்கள். வேறொரு வரி வழக்கில் கிளெய்ன் 1980-ல் 2 மாதம் சிறையில் இருந்தார்.

இத்தனைக்கும் நடுவேதான் பால் போய் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினைக் கேட்டார். "பழைய மாதிரி சேர்ந்து ஒரு தட்டு போடலாமா?" மார்ட்டின் ஒரு நிபந்தனை போட்டார். "எல்லாரும் பழைய மாதிரி நடந்துகொள்வதானால் சரி. லெனனும்தான்."

நாலு பேரும் சம்மதித்தார்கள்.

ஸ்டூடியோவில் கட்டில்

சம்மதம் வந்தாலும் சோதனை தீரவில்லை. ஜூலை 1-ந் தேதி ஸ்காட்லாந்தில் லெனன் ஓட்டிய கார் ரோட்டை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. காரில் மனைவி யோகோ ஓனோவும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். லெனன் முகத்தில் 17 தையல்.

லெனன் ஸ்டூடியோவுக்குத் திரும்பியபோது யோகோவும் வந்தார். கர்ப்பிணி, அடிபட்டவர் என்பதால் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். படுத்தபடியே பேச அவருக்கு ஒரு மைக்கும் தொங்கவிட்டார்கள்! மற்ற மூன்று பேரும் என்ன நினைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தட்டைக் கேட்டால் இந்தச் சச்சரவு எதுவும் தெரியாது. அங்கேதான் ரசிகர்களின் முதல் சண்டை.

இரண்டு கட்சி

தட்டில் 17 பாட்டு. முதல் பக்கம் 6. இரண்டாம் பக்கம் 11.

முதல் பக்கத்துக் கட்சி சொல்வது: "இங்கேதான்யா முழுப் பாட்டு இருக்கு. அடுத்த பக்கம் பாதி துண்டு துக்கடா."

இந்தக் கட்சிக்குப் பலம், "சம்திங்" என்ற பாட்டு. எழுதியது ஹாரிசன். அதுவரை லெனன் - பால் ஜோடியின் நிழலில் இருந்தவர். அவர் எழுதிய பாட்டு பீட்டில்ஸ் சிங்கிள் தட்டின் முன்பக்கத்தில் வந்தது அதுவே முதல் தடவை. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா அதைத் தலைசிறந்த காதல் பாட்டு என்று மேடையில் புகழ்ந்தார். ஆனால் எழுதியவர்கள் லெனனும் பாலும் என்று தவறாகச் சொல்லிவிட்டார்! சின்னவன் உழைத்தால் பெரியவனுக்குப் பேர். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ரிங்கோவின் ஆக்டோபஸ் பாட்டும் இந்தப் பக்கம்தான். 1968-ல் அவரும் ஒரு தடவை கோபித்துக்கொண்டு சார்டினியா தீவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு படகு காப்டன், ஆக்டோபஸ் கடலடியில் கல் பொறுக்கித் தோட்டம் மாதிரி அடுக்கும் என்று சொன்னார். சிறுபிள்ளைப் பாட்டு என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் விஷயம் தெரிந்தவர்களுக்கு அது வீட்டுச் சண்டைக்குப் பயந்து கடலுக்கு அடியில் ஒளிந்துகொள்ள நினைத்தவனின் பாட்டு.

இரண்டாம் பக்கத்துக் கட்சி விடுவதில்லை. "ஹியர் கம்ஸ் தி சன் எங்கே இருக்கு? எங்க பக்கம்தானே!" என்கிறார்கள். அதுவும் ஹாரிசன் பாட்டே. பணக் கூட்டத்துக்குப் போகப் பிடிக்காமல் மட்டம் போட்டுவிட்டு, நண்பர் எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதியது. ஆபீசுக்கு லீவு போட்டவன் வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பாட்டு. லெனன் இதில் வாசிக்கவே இல்லை. 2023-ல் ஸ்பாட்டிஃபையில் 100 கோடி தடவை கேட்கப்பட்ட பாட்டு என்ற கணக்கை எட்டியது.

ரிஷிகேஷ் சரக்கு

இரண்டாம் பக்கத்தின் பெரும் பகுதி ஒரே மூச்சில் ஓடும். 8 பாட்டு, சுமார் 16 நிமிஷம். ஒன்று முடியும் முன் அடுத்தது கோத்துக்கொள்ளும். தொடக்கப் பாட்டே பணத் தகராறு பற்றியது. பால் எழுதியது.

இடையே வரும் லெனனின் இரண்டு சின்னப் பாட்டுக்கும் நம் நாட்டுத் தொடர்பு உண்டு. "மீன் மிஸ்டர் மஸ்டர்டு", "பாலித்தீன் பாம்" இரண்டும் 1968-ல் ரிஷிகேஷில் மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கியிருந்தபோது எழுதியவை. தியானம் செய்யப் போன இடத்தில் கஞ்சனைப் பற்றியும் பிளாஸ்டிக் உடுப்புக்காரியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்!

லெனனுக்கே இந்தக் கதம்பம் பிடிக்கவில்லை. அரைகுறைப் பாட்டுகளை ஒட்டவைத்தது என்று பின்னாளில் ஒதுக்கிப் பேசினார். முதல் பக்கத்துக் கட்சி இதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறது.

"செய்தவருக்குப் பிடிக்காவிட்டால் என்ன, கேட்கிறவனுக்குப் பிடிக்கிறதே" என்பது எதிர்க்கட்சியின் பதில்.

முதல் நாள் இரவு

ஆனால் இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. கதம்பத்தின் கடைசிப் பாட்டு. பெயரே "தி எண்ட்". அதாவது, முடிவு.

அதில் ரிங்கோ தனியாக டிரம் வாசிப்பார். பீட்டில்ஸ் தட்டுகளிலேயே அவர் செய்த ஒரே தனி ஆவர்த்தனம் அதுதான். தனியாக வாசிப்பது அவருக்குப் பிடிக்காது. வற்புறுத்தி வாசிக்க வைத்தார்கள்.

அடுத்து கிதார். பால், ஹாரிசன், லெனன். மூவரும் மாறி மாறி ஆளுக்குக் கொஞ்சம் வாசிப்பார்கள். பால் விட்ட இடத்தில் ஹாரிசன். ஹாரிசன் விட்ட இடத்தில் லெனன். இப்படி மூன்று சுற்று. தனித்தனியாகப் பதிவு செய்து ஒட்டியது அல்ல. ஒரே அறையில் ஒன்றாக நின்று வாசித்தது.

அது நடந்தது ஆகஸ்டு 7-ந் தேதி. அட்டைப் படம் எடுப்பதற்கு முதல் நாள்!

என்ஜினீயர் எமெரிக் தன் நினைவுப் புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். யோகோ வழக்கம் போலக் கூடவே உள்ளே போகப் புறப்பட்டார். அன்றைக்கு மட்டும் லெனன் அவரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, தனியே உள்ளே போனாராம். மூவரும் பையன்கள் மாதிரி சந்தோஷமாக வாசித்தார்களாம்.

லிவர்பூலில் பள்ளிக்கூடத்துப் பையன்களாகச் சேர்ந்தவர்கள். பணம் வந்தது. வக்கீல் வந்தார். மானேஜர் வந்தார். அன்று கொஞ்ச நேரம் யாரும் நடுவில் இல்லை.

அந்த இடம் வரும்போது பிளாட்பாரத்து விவாதம் அடங்கிவிடும். வாதம் செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

புது சாட்சியம்

அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. இதுதான் கடைசி என்று அவர்களுக்குத் தெரியுமா?

"தெரியும். இல்லாவிட்டால் முடிவு என்று பாட்டுக்குப் பெயர் வைப்பார்களா?" - இது பல வருஷமாக எல்லாரும் நம்பியது.

2019-ல் ஒரு புது சாட்சியம் வந்தது. பீட்டில்ஸ் சரித்திரம் எழுதும் மார்க் லூயிசன் ஒரு டேப் பற்றி வெளியே சொன்னார். பதிவான தேதி 1969 செப்டம்பர் 8. ரிங்கோ ஆஸ்பத்திரியில் இருந்ததால், அவர் கேட்பதற்காக மற்ற மூவரும் தங்கள் பேச்சைப் பதிவு செய்தது.

அதில் லெனன் என்ன பேசுகிறார்? அடுத்த தட்டு போடுவது பற்றி! தனக்கு 4 பாட்டு, பாலுக்கு 4, ஹாரிசனுக்கு 4, ரிங்கோ விரும்பினால் 2 என்று பங்கு பிரிக்கிறார். அதாவது அப்போது கூட முடிவாகவில்லை.

சரியாக 12 நாள் கழித்து, செப்டம்பர் 20-ந் தேதி, அதே லெனன் "நான் விலகுகிறேன்" என்று சொல்லிவிட்டார். அபே ரோடு தட்டு இன்னும் கடைக்கே வரவில்லை. வியாபாரம் கெடக் கூடாது என்று விஷயத்தை அமுக்கி வைத்தார்கள். 1970 ஏப்ரலில் பால் மூலம் வெளியே வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி பால் லண்டன் ஐகோர்ட்டில் கூட்டைக் கலைக்கக் கோரி மற்ற மூவர் மீதும் வழக்குப் போட்டார்.

ஆகவே அந்தக் கோட்டில் நடந்த நாலு பேருக்கும் தாங்கள் பிரியப் போவது நிச்சயமாகத் தெரியாது. தெரியாமலே, சண்டையை ஓரம் கட்டிவிட்டு, தங்களால் முடிந்ததைச் சேர்ந்து செய்திருக்கிறார்கள். "அதுதான் பெரிசு" என்கிறார்கள் இப்போது பல ரசிகர்கள்.

கோட்டுக்கும் கௌரவம்

அதே ரோடு, அதே கோடு. 2010-ல் இங்கிலாந்து அரசாங்கம் அந்தக் கிராசிங்கைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 2011-ல் ஸ்டூடியோக்காரர்கள் ஒரு கேமரா வைத்து, யார் யார் கடக்கிறார்கள் என்று உலகமே பார்க்கும்படி செய்தார்கள்.

ஸ்டூடியோவின் வெள்ளைச் சுவரில் ரசிகர்கள் எழுதித் தள்ளுவார்கள். சுண்ணாம்பு அடிப்பார்கள். மறுபடி எழுதுவார்கள்.

2011-ல் லண்டனின் கிழக்கே அபே ரோடு என்று ஒரு ரெயில் நிலையம் திறந்தார்கள். பெயரைப் பார்த்து ரசிகர்கள் அங்கே போய் இறங்கி முழித்தார்கள். கோடு இங்கே இல்லை, செயின்ட் ஜான்ஸ் வுட் போங்கள் என்று போர்டு வைக்க வேண்டியதாயிற்று!

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. கோட்டில் ஆளே இல்லை. இதுதான் சமயம் என்று ஊழியர்கள் வந்து அழிந்துபோன வெள்ளைப் பட்டைகளுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்தார்கள். மற்ற நாளில் அந்த வேலை நடக்குமா?

லெனன் 1980-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹாரிசன் 2001-ல் புற்றுநோயில் போனார். அப்போது ரசிகர்கள் பூங்கொத்தோடு வந்தது இந்த ஸ்டூடியோ வாசலுக்குத்தான்.

2019-ல் தட்டுக்கு 50 வயது. ஆகஸ்டு 8-ந் தேதி நூற்றுக்கணக்கானவர்கள் அபே ரோட்டில் குவிந்தார்கள். புதுசாக மெருகேற்றிய தட்டு அந்த அக்டோபரில் இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் மறுபடி முதல் இடத்துக்கு வந்தது.

அட்டையை இன்னொரு தடவை பாருங்கள். நாலு பேரும் ஸ்டூடியோவுக்குள் போகவில்லை. ஸ்டூடியோவை விட்டு எதிர்ப்பக்கம் போகிறார்கள். அதற்கு 12 நாள் கழித்து, ஆகஸ்டு 20-ந் தேதி, நாலு பேரும் கடைசியாக ஒரே ஸ்டூடியோவில் சேர்ந்திருந்தார்கள். அதன் பிறகு ஸ்டூடியோவில் சேரவே இல்லை.

கார் நம்பரிலும் காலிலும் துப்புத் தேடியவர்கள் இதை மட்டும் கவனிக்கவில்லை.